மூன்றாவது டேக்

பாலத்தைக் காக்கும் அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு
முப்பத்தாறு வயது, ரெண்டு சிசேரியன்,
கல்மண்டபம் சிக்னல் தாண்டி
மாடியில் ஒண்டுக் குடித்தனம்.
அவன் பல்லைக் கடிப்பதும் மூச்சு வாங்குவதும் நான்தான்.
எபிசோடுக்கு ஆயிரத்து நானூறு.
ஒன்பதாவதுக்கு இன்னும் வரவில்லை.

சாலிகிராமத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து
ஹெட்போனில் சொல்வார்கள்:
"மேடம், ராயபுரம் எட்டிப் பாக்குது. ஒன்ஸ் மோர்."
நாக்கைக் கழற்றித் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு
ஒன்ஸ் மோர் போவேன்.
எந்த ஊரிலும் யாரும் பேசாத தமிழில்
ஜப்பான் மழையில் நனைவேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால்.
செய்தித்தாளின் ஆப் கிணுங்கியது.
வங்கக் கடலில் காற்றழுத்தம்,
அதற்குக் கீழே தங்கம் சவரனுக்கு இருநூறு ஏற்றம்,
அதற்குக் கீழே
'காசே கொடுக்காமல் அனிமே பார்க்க அட்டகாசமான பத்துத் தளங்கள்'.
நாலாவதில் நான் இருந்தேன்.
'தமிழ் டப்பிங்கும் உண்டு. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.'

போன ஆடியில் எம்.சி. ரோட்டில்
பென்டிரைவில் படம் ஏற்றிக் கொடுத்த அபூசாலியை
ரெண்டு போலீஸுக்கு நடுவே நிற்கவைத்து
மூன்று பத்தி எழுதியதும் இதே பேப்பர்தான்.
முகத்தை மறைக்க அவருக்குக் கர்ச்சீப்கூடக் கிடைக்கவில்லை.
பத்துத் தளத்துக்கும் முகமே கிடையாது.
பட்டியலின் இடுக்கு இடுக்காய் ரம்மி விளம்பரம்,
நான் விரலால் தள்ளத் தள்ள
எங்கேயோ யாருக்கோ சில்லறை விழுந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் கேரம் கிளப் வாசல்.
ஒரே ஃபோனில் ஆறு தலை.
அஃப்ரோஸ் கூப்பிட்டான்: "பிலோக்கா, இங்க வாயேன், இது நீதான?"

பதினொன்றாவது எபிசோடு.
வெளிவர இன்னும் பத்து நாள் இருக்கிறது.
அழித்துவிட்டோம் என்று சத்தியம் செய்த மூன்றாவது டேக்.
தோளில் தைத்த அம்போடு, பாலத்தின் நடுவில் நின்று
மொத்தப் படையையும் பார்த்துப் பையன் சொல்கிறான்:
"இன்னாங்கடா? ஒருத்தனும் இந்தாண்ட வரக்கூடாது."
நடுவே ஓர் இருமல்.
மணலிக் காற்று வளர்த்த இருமல், என்னுடையது,
அம்பு தைத்தவனுக்கு அப்படிப் பொருந்தியிருந்தது.

கையில் ஸ்ட்ரைக்கரோடு பசங்கள் கத்தினார்கள்.
மறுபடி போட்டார்கள். மறுபடி.
"டேய், நம்ம ஏரியாடா அவன்!" என்றான் மோசஸ்.
ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக
யாரோ அந்தக் குரலைக் கேட்டுவிட்டு
நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்கள்.
சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததில் கோபம் வந்தது.
"திருட்டுப் பசங்களா" என்றேன்.
"பேப்பர்லயே போட்டிருந்தாங்கக்கா,"
ரேஷனில் பாமாயில் வந்த சேதிபோலச் சொன்னான் அஃப்ரோஸ்.

மாதச் சந்தாவுக்கு அவன் அம்மா
காசிமேட்டில் எத்தனை கிலோ இறால் உரிக்கவேண்டும்
என்று எனக்குத் தெரியும்.
ஒன்பதாவது எபிசோடுக்குக் காசு வராததும் தெரியும்.
ரெண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை.

ராத்திரி பேப்பர் ஆபீசுக்கு ஃபோன் போட்டேன்.
நாலாவது தளம் பற்றிப் பேசணும் என்றேன்.
"லிங்க் திறக்கலையா மேடம்?"
சின்னப் பெண். கொட்டாவியை விழுங்கியது கேட்டது.
"காலைல அப்டேட் பண்ணிடறோம்.
அதுவரைக்கும் ஆறாவது பாருங்க, நிக்காம ஓடும்."
திறக்குதும்மா, என்றேன்.
நல்லாவே திறக்குது.

மறுநாள் பன்னிரண்டாவது.
அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொண்டு கிளம்பினேன்.
மின்ட் பாலத்தின் நடுவில் பஸ் நின்றுவிட்டது,
முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரிகள்,
ஹாரன், ஹாரன்.
இன்னாங்கடா, என்றேன்,
வாய்க்குள்தான், மூன்றாவது டேக்கில் சொன்னபடியே.
பக்கத்து சீட்டுக்காரம்மா
பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.