ஜனவரியில் குடை

எங்கள் குன்றில் ஜனவரியில் மழை பெய்யாது.
ஆனாலும் நான் குடையோடுதான் இறங்குவேன்.
மீன் விற்கும் பவுதிலியோ
முதல் வருடம் வானத்தைப் பார்த்தார்,
இரண்டாம் வருடம் குடையைப் பார்த்தார்,
மூன்றாம் வருடம் எதையும் பார்ப்பதை விட்டுவிட்டார்.

நூற்று நாற்பத்தேழு படிகள்.
வல்பரைசோவில் கடலுக்குப் போகும் வழியெல்லாம் படிகள்,
படிகளெல்லாம் நாய்கள்.
ஒருவருக்கும் சொந்தமில்லை, ஊருக்கே சொந்தம்.
குளிர்காலத்தில் யாரோ பழைய ஸ்வெட்டர் மாட்டிவிடுகிறார்கள்,
யாரோ ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீர் மாற்றுகிறார்கள்.
பேருந்து நிறுத்தத்தின் நிழலில் அவற்றுக்கு இடமுண்டு;
நான்தான் தள்ளி
வெயிலில் நிற்பேன்.

இந்த ஊருக்கு என்னிடம் வேறொரு வரைபடம் இருக்கிறது.
நீலக் கதவு வீட்டெதிரே மூன்று, மதியம்வரை தூங்கும்.
ரொட்டிக்கடையில் ஒன்று, கால் நொண்டி; பார்வை நொண்டவில்லை.
மருந்துக்கடை மூலையில் செவ்வாய் மட்டும்.
ஏன் செவ்வாய் என்று தெரியாது.
ஏழு நிமிட வழியை இருபத்திரண்டு நிமிடமாக்கி
பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்கு வந்து உட்கார்ந்து
நாற்காலியின் கைப்பிடியைப் பற்றியிருப்பவர்களிடம் சொல்வேன்:
"ஒன்றுமில்லை. வலிக்காது."

அதே குரலில்தான் எனக்கும் சொல்கிறார்கள்,
"ஒன்றும் செய்யாது."
"அது விளையாடுது."
"நீங்க பயப்படறது அதுக்குத் தெரியும், அதனாலதான்."
சரி, அதற்குத் தெரிகிறது.
உங்களுக்கு?

குரைக்கிற நாய் கடிக்காதாம்.
குரைக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பதைப் பற்றிப்
பழமொழி வாய் திறப்பதில்லை.

கடித்ததா, எப்போது, எங்கே என்பார்கள்.
கடிக்கவில்லை. அதுதான் சங்கடம்.
காட்ட ஒரு தழும்புகூட இல்லாத பயம்
காசில்லாமல் கடைக்குள் நுழைந்தவன்போல் நிற்கிறது.

போன சனிக்கிழமை ராயென் என் கையைப் பிடித்து இறங்கினாள்.
இன்னும் ஐந்து வயது முடியவில்லை.
எழுபதாம் படியில் அமைச்சர் படுத்திருந்தது.
உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்து மட்டும் வெள்ளை,
பெயர் அதனால்தான்.
ராயென் அதைப் பார்க்கவே இல்லை.
சுவரில் யாரோ வரைந்திருந்த ஆக்டோபஸின்
கைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.
எண்ணுவதை நிறுத்தாமல் கேட்டாள்:
"அம்மா, நாய் எங்கே?"

இவளுக்கு எப்படித் தெரிந்தது?
குனிந்து பார்த்தேன்.
என் பிடிக்குள்
அவள் விரல்நுனிகள் வெளுத்திருந்தன.

அன்றிலிருந்து பயிற்சி.
துணிச்சலுக்கு அல்ல, அது வரும்போது வரட்டும்.
விரல்களுக்கு.
வயிற்றில் புளி கரையட்டும், கால் வெலவெலக்கட்டும்,
இந்த ஐந்து பேர் மட்டும் பொய் சொல்லப் பழகவேண்டும்.
மாலையில் சமையலறை ஜன்னலோரம்
ஒரு பச்சை முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு
கீழ்வீட்டு நாய் குரைக்கக் காத்திருப்பேன்.
இரண்டு முட்டைகள் உடைந்தன.
மூன்றாவதை வேகவைத்து வைத்துக்கொண்டேன்.
ஏமாற்றுவேலைதான்.
நான்காவது பச்சை. அது பிழைத்தது.
இரவு அதையே ஆம்லெட் போட்டோம்.

இன்று மறுபடி எழுபதாம் படி.
இடக்கையில் குடை, வலக்கையில் ராயென்.
அமைச்சர் தலை தூக்கியது.
வாய் பிளந்தது.
கொட்டாவி.
எத்தனை பற்கள்!
பழக்கதோஷம், பார்த்துவிட்டேன்:
மேல்தாடை, இடப்பக்கம், கடைசியில் ஒன்று சொத்தை.
ராத்திரியில் வலிக்குமோ இதற்கு
என்று நினைத்தேன்.
நினைத்தபடியே எழுபத்தொன்று.
எழுபத்திரண்டு.
முதுகு நனைந்திருந்தது, குடை விரியவில்லை.

"அம்மா," என்றாள் ராயென்,
"கையை ஒழுங்காப் பிடி.
விழுந்துடுவேன்."