கப்பல் வராத நாள்

துறைமுகத்துப் பலகையில் சாக்கட்டியால்
எழுதியிருந்தது: இன்று கப்பல் இல்லை.
காரணம் எழுதவில்லை. அந்தப் பலகையையே
அடித்து அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது காற்று.

நுன்சியா தன் பழைய பாண்டா காரின் கதவை
உள்ளிருந்து உதைத்துத் திறந்தாள்.
"ஏறு. இந்தக் காற்றில் எனக்கும் மொட்டுப் பறிக்க முடியாது."
கேப்பர் மொட்டு. நம் ஆதொண்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை,
முள் மட்டும் கொஞ்சம் நாகரிகம்.

பாந்தெல்லெரியாவில் எல்லாமே கறுப்பு.
சுவர், வீடு, வீட்டுக்குப் பின்னால் மலை,
மலை ஒருநாள் துப்பி
அப்படியே விட்டுப்போன கடற்கரை.
ஒலிவ மரங்கள் முழங்கால் உயரம்;
எழுந்து நின்றால் காற்று தலையைக் கொய்யும் என்று
வெட்டி வெட்டிப் படுக்கப் பழக்கியிருக்கிறார்கள்.

மேலே பாறை வெடிப்பில் ஆவி.
யாரோ இட்லிக் குண்டானை ஏற்றிவிட்டு
மறந்துபோன மலை.
ஆறில்லை, ஓடையில்லை. அதனால்
ஆவியின் மேல் புதர்க்கிளைகளைப் பரப்பி
இலை நுனியில் சொட்டுவதை
ஆடுகளுக்குப் பிடித்தார்களாம்.
நான் கையை நீட்டினேன்.
உள்ளங்கை நனைந்தது, மூக்குக்கண்ணாடி குருடானது.

பிறகு அந்தக் கல்குவியல்.
சுண்ணாம்பில்லை, களிமண்ணில்லை,
கல்லைக் கல் பிடித்துக்கொண்டு
மூவாயிரத்து ஐந்நூறு வருஷம்.
உப்புக்காற்று தின்றது போக
அறிவிப்புப் பலகையில் மிச்சம் இவ்வளவுதான்:
இறந்தவர்களை முழங்கால் மடக்கி.

தவழ்ந்துதான் போக வேண்டும்.
முட்டி சிராய்த்தது, சட்டை கிழிந்தது.
உள்ளே ஒரு அண்டா அளவு இருட்டு.
அங்கே மடங்கி உட்கார்ந்திருக்கையில்
வாசலிலிருந்து அவள் குரல் வந்தது,
வெயிலைப் பற்றிச் சொல்வதுபோல:

"என் அப்பா அங்கேதான் பிறந்தார்.
நாற்பத்து மூன்று, ஜூன். நாள் முழுக்கக் குண்டு.
நிறை வயிற்றோடு தவழ்ந்து போயிருக்கிறாள்.
எப்படித் திரும்பி வந்தாள் என்பதுதான்
எனக்கு இன்னும் விளங்கவில்லை.
திரும்ப இடமிருக்கிறதா, பார்."

இல்லை.
பின்னாலேயே நகர்ந்தேன், கால் முன்னே, தலை கடைசியில்.
வெளிச்சத்துக்கு வந்த கணுக்காலை
அவள் பிடித்து இழுத்தாள்.
"கால் முதலில் வந்த பிள்ளை" என்றேன் தமிழில்.
என்ன என்று கேட்கவில்லை.
முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள்,
புழுதிக்காகத்தான்.

சட்டைப்பையில் ஒரு எரிமலைக் கண்ணாடிச் சில்லு,
எங்கே எடுத்தேன் என்று நினைவில்லை.
சில்லறைக்குக் கைவிட்டபோது
விரலைக் கீறியது, வலிக்காமல்.
இரத்தம் பார்த்துத்தான் தெரிந்தது.

மறுநாள் காற்று விழுந்தது. கப்பல் பதினொன்றுக்கு.
போகிற வழியில் அவள் வண்டியை நிறுத்தினாள்.
ஒருநாள் பறிக்காத மொட்டெல்லாம் பூத்துவிட்டன.
பூத்ததற்கு விலை இல்லை.
வரிசை வரிசையாக வெள்ளை,
ஊதா மீசை வைத்த வெள்ளை, கறுப்பு மண்ணில்.
நுன்சியா இடுப்பில் கைவைத்து,
எத்தனை கிலோ என்று
வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.