இரண்டாம் தரம்

கத்திரி வெயிலில் ஒரு ஞாயிறு
மச்சான் இஸ்ரவேலின் குட்டியானையில்
பின்பக்கம் பாய் விரித்து
ஒன்பது பேர் அமிர்திக்குப் போனோம்.

"ராஜா இல்லாத கோட்டை,
தண்ணி இல்லாத ஆறு,
இனிமே இதையும் சேத்துக்கோ மாமா,
புலி இல்லாத காடு"
டிக்கெட்டை நீட்டியபடி சிரித்தான்.

ஜீப்பை உரசிப் போகும் சிங்கத்தைப்
பத்து நாளாக செல்போனில் பார்த்துவந்த பிரின்ஸ்டன்
மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.
முதலை இருக்குடா என்றோம்.
முதலை இருந்தது.
அரைமணி நேரம் அப்படியே இருந்தது.
பொம்மை என்று அவன் தீர்ப்புச் சொன்னதும்
ஒரு கண்ணை மட்டும் மூடித் திறந்தது.

கம்பிவலைக்கு அந்தப்பக்கம்
நகரும் நிழலோடு நகர்ந்தபடி புள்ளிமான்கள்.
எல்லாரும் கண்ணைப் பார்த்தார்கள்.
நான் முதுகைப் பார்த்தேன்.

பதினாறு வருஷம்.
பேரணாம்பட்டு ஷெட்டில்
மேசைமேல் விழும் ஒவ்வொரு தோலையும்
ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டித்
தரம் எழுதுகிறவன்.
முள் கிழித்த கோடு, உண்ணி கடித்த குழி,
சூடு போட்ட தழும்பு.
சாக்பீஸ் இல்லாமலே விரல் எழுதியது:
தொடையில் கீறல், இரண்டாம் தரம்.
கழுத்தில் சொறி, மூன்று.
வேலியோரம் அந்தக் குட்டி, ஒரு பழுதில்லை,

சட்டென்று கையைப் பாக்கெட்டில் விட்டேன்.

"என்னப்பா முணுமுணுக்கிற?"
ஜெனிலின்.
"எண்ணிட்டிருக்கேன்" என்றேன்.

காவலாள் பீடி பற்றவைக்கத் திரும்பிய நேரம்
வலை வழியே புல் நீட்டினாள்.
ஒரு பெண்மான் வந்து
அவள் விரலையும் சேர்த்து நக்கிற்று.
"நீயும் குடுப்பா."

காலையில்
எலுமிச்சை மூடி வைத்துத் தேய்த்த கை.
நீட்டினேன்.
ஈரமூக்கு உள்ளங்கைவரை வந்தது.
மூச்சு பட்டது.
மூக்குத்துளை விரிந்தது.
அப்புறம் புழுதிதான்,
முழு மந்தையும் அந்தக் கோடியில்.

"வெக்கப்படுது" என்றாள் சுகுணமேரி
என் முகத்தைப் பார்க்காமல்.
தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் ஊற்றினாள்.
யாரும் கேட்கவில்லை எதற்கென்று.

கத்திரிக்காய்ப் பச்சடி பாயில் கொட்டியது,
குரங்கு ஒரு செருப்பைத் தூக்கிப் போனது,
அருவியில் முழங்கால் நனையத் தண்ணீர் இருந்தது.
பிரின்ஸ்டன் முதலையை மன்னித்துவிட்டான்.

கணியம்பாடி தாண்டும்போது
எல்லாரும் தூங்கிப்போனார்கள்.
இரும்புப் பலகை கன்னத்தில் குத்த
ஜெனிலின் தூக்கத்திலேயே
என் கையை இழுத்துத் தலைக்கு வைத்தாள்.
புரண்டாள்.
மூக்கு உள்ளங்கைக்குள் புதைந்தது.

குழி வந்தது, வண்டி தூக்கிப் போட்டது.
நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்,
அதே கையில்.