பாத்து

ரெண்டு நாளாக வண்டி நகரவில்லை.
எண்ணூர் நெடுஞ்சாலை முழுக்க கன்டெய்னர்,
ஜீரோ கேட் வரைக்கும்.
இட்லிக்கார தேசம்மாவிடம்
'பாத்து ஊத்து' என்றால் இன்னொரு கரண்டி சாம்பார்.
காக்கிச்சட்டை 'பாத்து செய்' என்றால்
நூறு ரூபாய்.
இதில் எதற்கும் கண் வேண்டியதில்லை.

தண்டையார்பேட்டை முகாமில்
எழுத்துப் பலகையைக் காட்டி
படிங்க என்றாள் ஒரு பெண்.
வலது கண்ணால் கடைசி வரி வரை படித்தேன்.
இடது கண்ணாலும் படித்தேன்,
மனப்பாடமாக.
அவள் பலகையை மாற்றினாள்.

அனல்மின் சாம்பல் இறங்கும் நாளில்
ஆறு தெரியாதே, அப்படி.

இப்போதெல்லாம் வண்டிக்கு இடப்பக்கம் என்பது
கிளீனர் டில்லிபாபுதான்.
தகரத்தில் தட்டித் தட்டி
வா வா வா என்று இழுத்தால் இடமிருக்கிறது.
'பாத்து' என்று வெட்டினால்
ஒரு மாடு, ஒரு மீன்பாடி வண்டி,
ஒரு தடவை
முதுகில் பையோடு ஒரு பிள்ளை.
அவன் சொன்ன பிறகு
அந்தப் பையின் நிறம்கூட எனக்குத் தெரிந்தது.

நேற்று ராத்திரி யார்டில்
ரிவர்ஸ் எடுக்கும்போது அவனுக்கு போன் வந்தது.
சத்தம் நின்றுவிட்டது.
பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருந்தேன்.
பின்னால் ஹாரன்,
யாரோ என் அம்மாவை இழுத்தான்.
டில்லி ஓடிவந்து கதவில் தொங்கினான்:
'இன்னாண்ணா, சும்மா பாத்துனு இருக்க?'

வீட்டில் செலின் கேட்டாள்,
டாக்டர் என்ன சொன்னார்.

பாத்துக்கலாம்னார்,
என்றேன்.