பதினெட்டு சென்டிமீட்டர்

மார்ச் மாதம், தார்த்து நகரம், இரவு ஒன்றே கால்.
விடுதியின் மூன்றாம் மாடியிலிருந்து
பச்சை சோபாவை ஆறு பேர் இறக்கினோம்.
மாடித் திருப்பத்தில் இடித்து
ஒரு கால் முறிந்தது, சோபாவின் கால்.
அதற்கே அவ்வளவு சிரிப்பு.

உறைந்த ஆற்றின் நடுவில் அதைப் போட்டு
உட்கார்ந்து தேநீர் குடிக்க வேண்டும்.
ஜெயித்தால் ஒரு பெட்டி பீர்.
தோற்றால் என்னவென்று
யாரும் பேசிக்கொண்டதாக நினைவில்லை.

எங்கள் மொழியில் அந்த ஆற்றின் பெயருக்கு
அன்னையாறு என்று பொருள்.
நான்கு மாதமாக வாய் திறக்காமல் கிடந்தாள்.
வெண்பனியின் மேல் ஒரு நரியின் காலடிகள்
பாதி தூரம் போய்த் திரும்பியிருந்தன.
பார்த்தேன். படமும் எடுத்தேன்.
அழகாக இருந்தது; புத்தியில் ஏறவில்லை.

தாவிதான் முதலில் இறங்கினான்.
கட்டடப் பொறியியல், இரண்டாம் ஆண்டு;
சுமை தாங்கும் திறன் பற்றிய பாடத்தில்
வகுப்பிலேயே முதல் மதிப்பெண்.
பின்னாலிருந்து தள்ளினாள் கெர்த்து.
நூலகக் கூரையிலிருந்து குதித்தவள்,
ரயில் பெட்டிகளுக்கு நடுவில் நின்றபடி வால்கா வரை போனவள்.
டீனின் மேசையில் அவளுக்கென்றே ஒரு கோப்பு உண்டு.
நான் கரையில், கையில் போன்.
நேரலையில் நாற்பத்து மூன்று பேர்
‘இன்னும் நடுவுக்கு, இன்னும் நடுவுக்கு’ என்று
எழுதிக்கொண்டே இருந்தார்கள்.
நானும் அதைத்தான் கத்தினேன்.

சினிமாவில் கேட்கும் சத்தமல்ல அது.
அடுத்த அறையில் யாரோ
பொறுமையாகத் துணி கிழிப்பது போல.
அப்புறம் தாவி இல்லை.
தேநீர்க் குடுவை மட்டும் உருண்டு உருண்டு
என்னை நோக்கி வந்தது.

இரண்டு பேர் ஓடினார்கள். குறை சொல்லவில்லை;
நான் ஓடவும் இல்லை,
படம் எடுத்தபடி நின்றேன்.
ஒன்பது நொடி.
பிறகு திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

கெர்த்து குப்புற விழுந்தாள்.
விழுந்தாள் என்று நினைத்தேன்; படுத்திருந்தாள்.
கைகால் விரித்து, பல்லி போல,
எடையைப் பரப்பிக்கொண்டு
ஓட்டையை நோக்கி ஊர்ந்தாள்.
‘கயிறு’ என்றாள். கயிறு இல்லை.
‘காலைப் பிடி’ என்றாள்.
போனைப் போட்டுவிட்டுப் பிடித்தேன்.
என் காலை ஊலர் பிடித்தான்.

அந்தத் திமிரை எத்தனை பேர் சபித்திருப்பார்கள்!
கூரையிலிருந்து குதித்த அதே முழங்கால்கள்.
அவள் கொஞ்சம் பயந்தவளாக இருந்திருந்தால்
தாவி இன்றைக்கு
விடுதிச் சுவரில் ஒரு பெயர்ப்பலகை.
(நாங்கள் யாரும் இல்லாதிருந்தால்
அவன் அங்கே போயிருக்கவே மாட்டான்.
அதுவும் தெரியும்.)

டீனிடமிருந்து கடிதம் வந்தது, மூன்று பக்கம்.
‘பொறுப்பு’ என்ற சொல் பதினோரு முறை.
அதன் முதுகில் கெர்த்து
மீட்பு நிலையத்தின் முகவரியை எழுதிக்கொண்டாள்.
அங்கே பணியிலிருந்தவன் ஒன்றும் கேட்கவில்லை.
பனிக்கட்டி துளைக்கும் கருவியை எடுத்துக் காட்டி,
‘டிசம்பரில் விடிகாலை ஆறு மணிக்கு
இதைத் திருக ஆள் கிடைப்பதில்லை’ என்றான்.

சோபா ஏப்ரல் வரை அங்கேயே சாய்ந்து நின்றது,
பாலத்தில் போகிறவர்கள் சிரிக்க.
ஒருநாள் காலை பார்த்தால் இல்லை.

இந்தக் குளிரில் பத்தொன்பது பேர் இருக்கிறோம்.
துளைக்கிறோம், அளக்கிறோம், கொடி நடுகிறோம்.
பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை,
பாதி நாள் தூக்கக் கலக்கம்.
ஊலர் இன்னமும் ஹெல்மெட் போடுவதில்லை.
தாவி ஜூலையிலும் கம்பளிக் காலுறை போடுகிறான்.

நேற்று இரவு
முதலாண்டுப் பிள்ளைகள் நாலு பேர்
ஓர் இரட்டைக் கட்டில் மெத்தையைச் சுமந்துகொண்டு
கரைக்கு வந்தார்கள்.
எங்களைக் கண்டதும் நின்றார்கள்.
திட்டு வாங்கத் தயாரான முகங்கள்.

கெர்த்து சிவப்புக் கொடிகளைக் காட்டினாள்.
‘இங்கே நாலு சென்டிமீட்டர்.
உங்களில் யார் வேண்டாதவர் என்று
முதலில் முடிவு செய்யுங்கள்.’
ஒருவன் சிரித்துவிட்டான்.
‘இல்லையென்றால் வளைவைத் தாண்டிப் படகுத்துறை.
அங்கே பதினெட்டு.’

பனியில் நனைந்து மெத்தை கனத்துப்போயிருந்தது.
தாவி கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு
முன்னால் நடந்தான்.
ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன்.