காலில்லாத ஊர்கள்

ராணிப்பேட்டை. ஆழ்துளைக் கிணற்று அறிக்கைகள்,
நாலாயிரம் வரி, ஆளுக்கொரு விதமாய்த் தட்டியவை.
எனக்கு வேண்டியது ஊரும் உப்பின் அளவும்.

இலக்கம் கேட்டேன்.
அறுநூற்று முப்பத்திரண்டில் தொடங்கும் பின்கோடுகள் முதலில் வந்தன,
பின்னாலேயே யாரோ ஒரு மேஸ்திரியின் கைபேசி எண்.

புள்ளியும் நட்சத்திரமும் போட்டேன்.
முதல் அடைப்புக்குறியில் வாயைத் திறந்தது
வரியின் கடைசி அடைப்புக்குறியில்தான் மூடியது;
தெரு, தேதி, கையெழுத்துப் போட்டவர் பதவி
எல்லாம் உள்ளே.
ஒரு கேள்விக்குறி. அடங்கிற்று.

ஊருக்கு, எழுத்தாய் இருப்பதெல்லாம் வா என்றேன்.
திமிரி வந்தது: த, ம, ர.
ஆற்காடு: ஆற, க, ட.
கொம்பு, கால், சுழி, மெய்யின் தலைப்புள்ளி
எதுவும் எழுத்தில்லையாம் ரெஜெக்ஸுக்கு.

"முனவ்வர், உங்க மேல்விஷாரத்துக்குக் காலே இல்ல."
"அதான் தினம் பஸ்ல தொங்குறேன்"
தலை நிமிராமல் சொன்னான்.

சதுர அடைப்புக்குள் தமிழ் முழுவதையும்
முதல் குறியிலிருந்து கடைசிக் குறிவரை வேலி கட்டினேன்.
கைகால்களோடு வந்தன ஊர்கள்.

பன்னிரண்டு மட்டும் வரவில்லை.
போய்ப் பார்த்தேன். ஊர் இருக்கிறது,
இலக்கம் இருக்கவேண்டிய இடத்தில்
"மோட்டார் போட்டோம். காத்துதான் வந்துச்சு."

புதிதாய் ஒரு பத்தி திறந்திருக்கிறேன்.
தலைப்பு இன்னும் வைக்கவில்லை.