ஆனிக்கு முன்

வடசேரி ஜூஸ் கடையில் கேட்டு வாங்கிய கொட்டை.
மூன்று ஈர்க்கில் குத்தி
ஊறுகாய் பாட்டில் வாயில் நிறுத்தியிருந்தேன்.
இப்போது என் தோளுயரம் பட்டர் ஃப்ரூட்.
தண்டு மட்டும் பேனா ரீஃபில் கனம்.

"நல்லா வளந்துட்டே" என்றார் பின்வீட்டு டெல்பின்.
இரண்டு சுவருக்கு நடுவே
எங்கள் ஜன்னலுக்குக் கிடைப்பது ஒரு சாண் வானம்.
அதைப் பிடிக்க ஓடிய ஓட்டம் அது.

இனி வெளியே வைக்க வேண்டும்.
ஊரோ ஆரல்வாய்மொழி.
ஆனி பிறந்தால் கணவாய் வாய் திறக்கும்.
தகரத்தின் மேல் கல் ஏற்றுவோம்,
பைக்கைத் தூணோடு கட்டுவோம்,
பேச்சைக்கூடக் கதவடைத்துத்தான் பேசுவோம்.
இன்று பங்குனி பத்து.

அவசரத்தில் ஒரு மூங்கில் குச்சி நட்டு
நைலான் கயிற்றால் நான்கு இடத்தில்
இறுக்கிவிட்டு வேலைக்குப் போனேன்.
காற்றாலை பதினேழு. எழுபது மீட்டர் மேலே
நானும் ஜினோவும் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தோம்.
காற்று ஒரு தள்ளு தள்ளியது.
கோபுரம் போனது. திரும்பி வந்தது.
எட்டு வருஷமாக ஏறுகிறேன்,
இன்னும் அடிவயிறு கூசும்.
"ஆடட்டும்டே" என்றான் ஜினோ, ஸ்பேனரைக் கடித்தபடி,
"ஆடாம நிண்ணாத்தான் முறியும்."

சாயங்காலம் மூன்று முடிச்சை அறுத்தேன்.
மிச்சமிருந்த ஒன்றுக்குப் பதில்
பழைய பனியன் கிழிசல், விரல் நுழையும் தளர்வில்.

காலையும் மாலையும் தண்டைப் பிடித்து
இருபது முறை ஆட்டுகிறேன்.
தொட்டில் வேகமும் இல்லை, திருடனை உலுக்கும் வேகமும் இல்லை.
பிறகு அரைமணி நேரம் டேபிள் ஃபேன்.
காற்றில் கரண்ட் எடுக்கப் போகிறவன் வீட்டில்
கரண்டில் காற்று எடுக்கிறோம்
என்கிறாள் பெல்சி, பில்லைக் காட்டி.

நுனியைக் கிள்ள எனக்குக் கை வரவில்லை.
நெத்திலித் தலை கிள்ளும் அதே விரலால்
ஒரு நொடியில் அவள் கிள்ளினாள்.
பத்து நாள் பேசவில்லை செடி.
பதினொன்றாம் நாள் கக்கத்தில் இரண்டு பச்சைப் புள்ளி.

முதல் நாள் வெயிலில் மறந்து விட்டதில்
ஓர் இலை வெளுத்துக் கருகியது.
அதற்குப் பிறகுதான் கணக்குப் படித்தோம்:
தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு மணி நேரம்,
மறுவாரம் இரண்டு, பிறகு இளவெயில்.
தூக்கித் தூக்கி
சட்டிக்கு இடுப்பு பழகிவிட்டது பெல்சிக்கு.

நேற்று ராத்திரி உள்ளே எடுக்க மறந்தோம்.
இருவரும் விழித்துத்தான் கிடந்தோம்,
இருவரும் எழுந்திருக்கவில்லை.
வெளியே எதுவோ உருண்டு போகும் சத்தம்.

விடிந்ததும் டெல்பின் வந்தார்,
கையில் எங்கள் சட்டியின் பிளாஸ்டிக் தட்டு.
"ராத்திரி எங்க மாடிக்கு வந்துட்டு."
செடியைப் பார்த்தார். ஓர் இலை கிழிந்திருந்தது.
"என்னடே, குட்டையாப் போச்சே."

பங்குனியில் தண்டில் சுற்றிக் கட்டிய
சிவப்பு நூல் இருந்தது.
அவிழ்த்து மறுபடி சுற்றினேன்.
முனைகள் ஒன்றையொன்று எட்டவில்லை.